எண்ணூறு கிராம்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதுவாகவே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. வந்தவர் என் அத்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாகிறது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இப்போதும் உண்டு.

"நீ எழுதுறவன்தானே," என்றார். "எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு."

"யாருக்கு அத்தான்?"

"சொல்றேன். ஆனா எதுக்கு மன்னிப்பு கேக்குறேன்னு அதுல ஒரு வார்த்தைகூட வரக்கூடாது."

நான் வாயில் நுரையோடு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காப்பி வைத்துக் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை. அப்புறம்தான் முழுக்கதையையும் சொன்னார்.

கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். நான்கும் உருப்படவில்லை. அவற்றைக் கசக்கிப் போட்டபின் மிஞ்சியதுதான் இது. இதுவாவது உருப்படுகிறதா பார்ப்போம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"தேசப் பாதுகாப்பை முன்னிட்டு அரசுகள் விதிக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் இன்று பன்னாட்டு வணிகத்தின் நரம்பு மண்டலத்தையே—"

(போதும். இந்த இடத்தில் அக்கா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.)

இரண்டாம் முயற்சி:

"கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு மீன் கிடங்கில், மீன்களுக்கு நடுவே ஒரு ஊரின் பிறந்தநாட்கள் எல்லாம் உறைந்து கிடந்தன."

(அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். அத்தானிடம் படித்துக் காட்டினேன். "மீனுக்கு நடுவுல இல்லடா, மீனை எடுத்துட்டுத்தான் வச்சிருக்காங்க" என்றார். உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது எனக்குத் தொழில். அவர் ஒரே ஒரு தடவை அதைச் செய்தார். கதையே அதுதான்.)

மூன்றாம் முயற்சியாக நேரே ஆளிடம் போகிறேன். இனி இந்தக் கதையில் அவர் என் அத்தான் இல்லை. சொந்தக்காரர் என்றால் தப்பை மறைக்கத் தோன்றும். தொழிற்சாலையில் அவரை எல்லோரும் கூப்பிடும் பெயராலேயே நானும் கூப்பிடுகிறேன்: கேட்லாக்.

3

கேட்லாக் வேலை பார்க்கும் கம்பெனியில் அறுபது பேர் இருப்பார்கள். அவர்கள் செய்வது உறையவைத்து உலர்த்தும் இயந்திரம். ஈரமான பொருளைக் கல்லாக உறையவைத்து, சுற்றியிருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டால், பனிக்கட்டி தண்ணீராக மாறாமலே ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவி பக்கத்து அறையில் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் போய் மறுபடி பனியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் அந்தச் சுருள் எத்தனை கிலோ பனியைப் பிடிக்கிறதோ, அதுதான் இயந்திரத்தின் பலம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாங்குவார்கள். அபூர்வமாக, தண்ணீரில் நனைந்த பழைய காகிதங்களைக் காப்பாற்றுகிறவர்களும் வாங்குவார்கள்.

அவர் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்த காலத்தில் கம்பெனிக்கு விலைப்பட்டியலைத் தவிர அச்சடித்த காகிதம் ஒன்றும் கிடையாது. முதல் கேட்லாக்கை எழுதியவர் இவர்தான். பன்னிரண்டு பக்கம், நடுவில் வண்ணப் படம். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகமே மாறிவிடும். பேக்கிங் கூடத்தில் புதுப் பலகையின் வாசனை. ஆள் உயரப் பெட்டி. தகரத் தகட்டில் வெட்டிய எழுத்துகளை வைத்து, கறுப்பு மையைத் தேய்த்து, போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயரை அவரே கையால் போடுவார். கேள்வியே பட்டிராத ஊர்கள். பெட்டி லாரியில் ஏறியதும் மேஜைக்கு வந்து ஒரு பக்கப் படிவத்தை நிரப்புவார். அதில் 'எதற்குப் பயன்படும்' என்று ஒரே ஒரு வரி இடம் விட்டிருப்பார்கள். "காகிதம் உலர்த்த" என்று எழுதினால் வேலை முடிந்தது.

"ஒரு வரிதான்," என்றார் என்னிடம். "நம்பினாங்க, அவ்வளவுதான். நாமளும் நம்பினோம். அந்தக் காலம் இனிமே வராது." சொல்லிவிட்டு எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

('ஏக்கம்' என்ற சொல்லை இங்கே போட்டு எடுத்துவிட்டேன். ஏங்கினார் என்று நேராகவே சொல்லிவிடலாம். ஏங்கினார்.)

4

பதினேழு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போன பெட்டிகளில் ஒன்று ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனது. அதன் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. காப்பகத்தம்மா என்று வைத்துக்கொள்வோம். கேட்லாக்கும் அவரும் நேரில் பார்த்ததே இல்லை. மாதம் ஒரு போன். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் தட்டுத் தடுமாறித்தான் பேசுவார்கள். நான் அதைத் தமிழில் போட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள அவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை.

போன் இயந்திரத்தைப் பற்றித்தான் தொடங்கும். கதவு ரப்பர், எண்ணெய், பம்ப் சத்தம். அப்புறம் எங்கெங்கோ போகும். அவருடைய அப்பா தவறியது, இவருடைய மகள் வேலைக்குப் போனது, முழங்கால் வலி. உலர்த்தி முடித்த பதிவேடுகளை அந்த அம்மா படம் எடுத்து அனுப்புவார். நீல மையில் எழுதிய பெயர்கள் ஒன்றுகூடக் கலங்காமல் இருக்கும். கேட்லாக் அவற்றை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைப்பார். கண்ணாடிக்கு அடியில் இடம் தீர்ந்து, ஓரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அக்காவுக்கு இதில் கொஞ்சம் பொறாமை. "நம்ம கல்யாண போட்டோ பீரோவுல கெடக்கு" என்பாள். (இதை எடுத்துவிடச் சொன்னாள். விட மனசில்லை.)

5

இந்த வருடம் அந்த ஊரில் வெள்ளம் வந்தது. மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த பிறப்புப் பதிவேடுகள் முழுக்க முழுகிப்போயின. நாற்பது வருடத்துக்கானவை, முந்நூறு—

(முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூறு என்று எழுதப் போனேன். பாருங்கள், கை எவ்வளவு சுலபமாக வழுக்குகிறது.)

முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவேடுகள். வேறு பிரதி கிடையாது. நனைந்த காகிதத்தை அப்படியே விட்டால் மூன்றே நாளில் பூசணம் பிடித்துக் கட்டியாகிவிடும், உறையவைத்துவிட்டால் தாங்கும். ஒரு மீன் வியாபாரி தன் குளிர்கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். ஆனால் ஆறு வாரத்தில் மீன் பருவம் தொடங்கும், அதற்குமேல் அவராலும் முடியாது. அதற்குள் உலர்த்தியாக வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தின் பம்ப் அதே வெள்ளத்தில் போய்விட்டது.

பழைய காலமாக இருந்தால் மூன்றாம் நாள் பம்ப் விமானத்தில் ஏறியிருக்கும்.

இப்போது கம்பெனியில் ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயதுக்குள். பட்டியல் பொண்ணு என்று பேக்கிங் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நாட்டின் பாதுகாப்புக்காக எதை வெளியே அனுப்பலாம், எதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. அவளை வில்லியாக்கி ஒரு வரைவு எழுதினேன், கிழித்துவிட்டேன். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காகிதத்தை உலர்த்துகிற அதே இயந்திரம் நோய்க்கிருமியைச் சாகாமல் பொடியாக்கவும் உதவும். யாரோ ஒருவன் அந்தப் பொடியை வைத்து என்ன செய்வான் என்று யோசிக்க ஓர் ஆள் வேண்டும்தானே.

"நாளொன்றுக்குப் பத்து கிலோ பனி, அல்லது அதுக்கு மேல பிடிக்கிற மெஷின் எல்லாம் பட்டியல்ல வருது சார்," என்றாள். "நம்ம கேட்லாக்குல பத்துன்னு போட்டிருக்கு. அப்ப அதுக்குப் போற பம்ப்புக்கும் லைசென்ஸ் வேணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"நாலு மாசம். அஞ்சாகவும் ஆகலாம்."

"அதுவரைக்கும் பழைய பம்ப்பை எப்படிப் பிரிச்சு சுத்தம் பண்றதுன்னு போன்லயாவது சொல்றேன்."

"அதுவும் ஏற்றுமதிதான் சார். தொழில்நுட்ப உதவி. வாயால சொன்னாலும் சேத்திதான்."

அன்றைக்கு மாலை காப்பகத்தம்மா போன் செய்தபோது பட்டியல் பொண்ணு எதிரே உட்கார்ந்திருந்தாள். கேட்லாக் மழை நின்றுவிட்டதா என்று கேட்டார். நின்றுவிட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை. பம்ப்பைப் பற்றி அந்த அம்மா கேட்டபோது, "மேலிடத்துல பேசிக்கிட்டிருக்கோம் மேடம்" என்றார். பதினேழு வருடப் பழக்கத்தில் முதல்முறையாக அவர் ஓர் அதிகாரியைப் போலப் பேசினார். 

முதலாளியம்மாவுக்கு வேறு கவலை. போன வருடம் மட்டும் மூன்று பழைய வாடிக்கையாளர்கள் வேறு நாட்டு இயந்திரத்துக்கு மாறிவிட்டார்கள். "உங்ககிட்ட வாங்கினா ஒரு ஸ்க்ரூவுக்கும் லைசென்ஸுக்குக் காத்திருக்கணும்னு சொல்றாங்கப்பா, நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

6

இனி வருவதை அத்தான்— கேட்லாக்— என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

பத்து என்பது பொய்.

அந்த முதல் கேட்லாக் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் புது இயந்திரத்தைச் சோதித்தார்கள். ஒரு நாள் முழுக்க ஓட்டி, சுருளில் ஒட்டிய பனியை உருக்கி, பிளாஸ்டிக் வாளியில் பிடித்துத் தராசில் வைத்தார்கள். வாளியின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர்தான். வாளி எடையைக் கழித்தால் ஒன்பது கிலோ இருநூறு கிராம். மறுநாளும் அதேதான்.

போட்டிக் கம்பெனியின் கேட்லாக்கில் பத்து என்று இருந்தது. ஒன்பது புள்ளி இரண்டு என்று அச்சடித்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? புள்ளி வைத்த எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? முழு எண்ணாக ஆக்கினார். யாரும் கேட்கவில்லை. எண்ணூறு கிராம், அரிசிக் கடையில் கைதவறி விழுகிற அளவு.

பத்து என்று போடாமல் இருந்திருந்தால் அந்த இயந்திரம் இன்று பட்டியலிலேயே இருக்காது.

(இங்கே ஒரு வாசகர் கை தூக்குவார்: அப்படியானால் உண்மையைச் சொல்லிவிட்டால் போயிற்று, இதில் என்ன கதை? நானும் அதைத்தான் கேட்டேன். "முழுசாக் கேளு" என்றார்.)

காப்பகத்தம்மா பத்து என்ற எண்ணை நம்பினார். நாளுக்குப் பத்து என்று கணக்குப் போட்டு ஆறு நாள் சுற்றாக ஓட்டினார். ஏழாம் நாள் கதவைத் திறந்தால் நடுப்பக்கங்களில் ஈரம். அவர் இயந்திரத்தைச் சந்தேகிக்கவில்லை. தட்டுகளில் பதிவேடுகளை அடுக்குகிற ஆள் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதுக்காரர். இடைவெளி விட்டு அடுக்கத் தெரியவில்லை என்று அவரைச் சந்தேகித்தார். போனில் கேட்லாக்கிடம் கேட்டார்: "எங்களுக்கு ஒன்பதுக்கு மேல வரவே மாட்டேங்குது. அடுக்குறதுலதான் தப்பா இருக்குமோ?"

கேட்லாக் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "ஆமா மேடம். எல்லாம் அடுக்குறதுலதான் இருக்கு."

இயந்திரம் போன மூன்றாம் வருடம் அந்த ஆளை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள், புது ஆள் வந்ததும் சுற்றை ஏழு நாளாக்கிக்கொண்டார்கள். "நல்ல மனுஷர், பதிவேடுன்னா உயிரு, கை மட்டும் வசமாகல" என்று அந்த அம்மாவே வருத்தத்தோடு சொன்னார். கேட்லாக் "அடடா" என்றார். அப்புறம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

"அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்," என்றார் என்னிடம். "நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னா போன் வர்றது நின்னுடுமோன்னு பயம். ஒரு மெஷினு விக்கத்தான் பொய் சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு சிநேகிதத்துக்காக அதையே கட்டிக்காத்தேன்."

7

அவர் உண்மையைச் சொன்னார். முதலில் பட்டியல் பொண்ணிடம், அப்புறம் முதலாளியம்மாவிடம். முதலாளியம்மா முதலில் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அதே கேட்லாக் புத்தகத்தைக் காட்டி நூற்று நாற்பது இயந்திரம் விற்றிருக்கிறார்கள். கடைசியில், "எழுதிக் குடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் அந்த அம்மாவைக் கதையில் இன்னும் பெரிதாக்கியிருக்க வேண்டும். இடமில்லை.

லைசென்ஸ் அலுவலகம் சுலபத்தில் நம்பவில்லை. அவசரத்துக்குப் பம்ப் அனுப்ப வேண்டியிருக்கும்போது பார்த்து ஒருவர் வந்து, 'எங்கள் கேட்லாக் ஆரம்பத்திலிருந்தே பொய்' என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆதாரம் கேட்டார்கள். அந்த மாடலை நிறுத்தி எட்டு வருடமாகிறது, கம்பெனியில் ஒன்றுகூட இல்லை. சோதனை நோட்டு கட்டடம் மாறியபோது தொலைந்துவிட்டது. ஒரே ஓர் ஆதாரம்தான் மிச்சம்: காப்பகத்தம்மாவின் பதிவுப் புத்தகம். பதினேழு வருடமாக ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ பனி பிடித்தது என்று எழுதி, முதல் மூன்று வருடம் பக்கத்தில் 'அடுக்கியது சரியில்லை' என்று தன் ஆளின் குற்றத்தையும் எழுதிவைத்த புத்தகம்.

அலுவலகமே அவருக்கு நேரடியாக எழுதும். 'கேட்லாக் எண் தொடக்கம் முதலே தவறு என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொள்கிறார். உங்கள் பதிவுகளின் நகலை அனுப்பவும்.' அது வெள்ளிக்கிழமை போகும்.

"அதுவரைக்கும் நீங்க அந்த எண்ணைப் பத்தி அவங்ககிட்ட வாயே திறக்கக் கூடாது சார்," என்றாள் பட்டியல் பொண்ணு. "முன்கூட்டியே சொல்லிக்குடுத்து எழுதவச்ச மாதிரி ஆயிடும். புத்தகம் செல்லாது. பம்ப் போகாது."

"அவங்க இதை ஒரு அரசாங்கக் கடுதாசியில படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் கோப்பை மூடி நாடாவைக் கட்டினாள்.

"மன்னிப்பாவது கேக்கலாமா?"

"எதுக்குன்னு சொல்லாம கேக்க முடிஞ்சா கேளுங்க."

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டுக்கு வந்தார்.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகக் கடிதம் போகிறது, பம்ப் போகிறது, பதிவேடுகள் பிழைக்கின்றன. காப்பகத்தம்மா அதற்குப் பிறகு போன் செய்வதில்லை. (நடக்கக்கூடியது. ஆனால் எழுத மனம் வரவில்லை.)

ஆ) அவர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். மனசு லேசாகிறது. ஆதாரம் செல்லாமல் போகிறது. மீன் வந்து இறங்குகிறது, நாற்பது வருடத்துக் குழந்தைகளின் பிறந்த தேதி கிடங்கு வாசலில் உருகி— (வேண்டாம். தன் மனசு லேசாவதற்கு ஊரார் தலையில் கைவைப்பவர் இல்லை அவர்.)

இ) காப்பகத்தம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் நட்புக்காகச் சொல்லாமல் இருந்தார். (இதைப் படித்ததும் அக்கா, "ஆமா, தெரிஞ்சுக்கிட்டே ஒரு மனுஷனை வாசல்ல நிக்கவச்சாளாக்கும்" என்றாள். தாளை நானே கிழித்தேன்.)

9

நடந்ததைச் சொல்கிறேன்.

கடிதத்தை என்னால் எழுத முடியவில்லை என்று திங்கட்கிழமை சொன்னேன். "பரவாயில்ல விடு" என்றார். வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம், ஏற்றுமதிப் பிரிவில் மற்ற நாற்காலிகள் காலி. பட்டியல் பொண்ணு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டாள். அவள்தான் அப்படி உட்காருவேன் என்று சொன்னாள், அவர்தான் உட்காரச் சொன்னார், இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன்.

காப்பகத்தம்மா எடுத்ததும் பம்ப்பைத்தான் கேட்டார். கிடங்குக்காரர் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

"மேடம், நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்," என்றார் கேட்லாக்.

"தாமதத்துக்கா? அது உங்க கையில இல்லையே."

"தாமதத்துக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

பட்டியல் பொண்ணின் விரல் பொத்தான் மேல் அழுந்தியது. பாதி அழுந்திய பொத்தானைத் தான் பார்த்ததாக அவர் சொன்னார். எண் இல்லை, கிலோ இல்லை, பனி இல்லை, இயந்திரம் இல்லை. இத்தனையும் போக என்ன மிச்சம் இருக்கிறது என்று பதினேழு வருடத்தைத் துழாவினாராம்.

"உங்க வாசல்ல நிக்கிறாரே," என்றார், "முன்னாடி அடுக்கிக்கிட்டிருந்தவர். அவர் இன்னும் இருக்காரா?"

"இருக்கார். அடுத்த மாசம் ஓய்வு."

"அவர் மேல எந்தத் தப்பும் இல்லைங்க. ஒரு நாளும் இருந்ததில்ல. அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

பட்டியல் பொண்ணு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

10

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை அத்தான் எனக்குச் சொன்னார். ஒரே வாக்கியம். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். இந்தக் கதையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன், உன் இஷ்டம் என்றார்.

போடமாட்டேன். போட்டால் நான் அதையும் கொஞ்சம் கூட்டிவிடுவேன். என் கையை எனக்குத் தெரியும்.

உங்களிடம் விடுகிறேன். காப்பகத்தம்மா புத்திசாலி, பதிவுப் புத்தகத்தைத் தன் கையாலேயே எழுதியவர். வாசலில் அந்த மனிதர் நிற்பது அவர் ஜன்னலிலிருந்து தெரியும். பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புகிறார். முதலில் யாரிடம் பேசுவார், வாசலில் நிற்பவரிடமா, போனில் இருப்பவரிடமா? நீங்களாக இருந்தால் யாரிடம் பேசுவீர்கள்?